பாலிஷ் மெஷினைக் கடைசியில் எடுங்கள்: படகுக் கறையோடு மல்லுக்கட்டிய அனுபவம்

சிங்கப்பூரில் படகு வைத்திருக்கிறவர்கள் ஹல்லில், அதாவது படகின் வெளி உடம்பில், கறை தெரிந்ததும் முதலில் தேடுவது பாலிஷ் மெஷினைத்தான். ஒரு டப்பா கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, ஒரு கம்பளிப் பேட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலத்துக்குள் படகு பளபளவென்று ஆகிவிடும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ஓரிரு மாதத்தில் அதே இடத்தில் அதே கறை வந்து நிற்கும். மறுபடியும் மெஷின். இப்படியே சில வருஷம் போனால் கறையோடு சேர்ந்து படகின் மேல்பூச்சும் போயிருக்கும். வெள்ளைக்கு அடியிலிருந்து ஃபைபர் இழை மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்.

படகு துடைப்பதும் சின்னச் சின்னப் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. சாங்கி, பொங்கோல், துவாஸ், கெப்பல் பே என்று எங்கே கூப்பிட்டாலும் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கறைக்காகக் கூப்பிடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மெஷின் காரிலேயே இருக்கட்டும், இது எந்தக் கறை, எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பாதிப் பேருக்கு இது பிடிக்காது. காசு கொடுத்து ஆளைக் கூப்பிட்டால் அவன் கையைக் கட்டிக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வருகிறானே என்று பார்ப்பார்கள்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், ஃபைபர் படகின் வெளித்தோல் ரொம்ப மெல்லியது. ஜெல்கோட் என்கிற அந்தப் பூச்சு, நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். படகு வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் தெளிப்பது அதைத்தான். அது இறுகிய பிறகுதான் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்குவார்கள். அதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர், அவ்வளவே. கம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு தூளாகப் பறக்கிறது. போனது திரும்பாது. அதனால் என் வரிசை எப்போதும் இதுதான்: நல்ல தண்ணீர், சோப்பு, பிறகு அந்தக் கறைக்கு ஏற்ற மருந்து. தேய்ப்பு எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்த ஊரில் அதிகம் பார்க்கிற கறை, படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், இரண்டு பக்கமும் மீசை வைத்தாற்போல் இறங்கும் பழுப்பு மஞ்சள். படகு ஓடும்போது முன்மூக்கு கிழிக்கிற தண்ணீர் மேலே ஏறி நனைக்கும், வெயிலில் காயும், மறுபடி நனையும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பும் டேனினும் அங்கேயே தங்கிவிடும். டேனின் என்பது தேயிலையிலும் மரப்பட்டையிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து. வடக்கே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இருக்கும் ஜோகூர் நீரிணைக்குள் வந்து சேரும் ஆறுகளும் இரு கரையிலும் உள்ள சதுப்பு மரங்களும் அதைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. 1924ல் திறந்த கடற்பாலம் நடுவில் அணை போட்டதுபோல் கிடப்பதால் நீரிணையில் தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாராளமாக ஓட முடியாது. தீவின் தெற்குப் பக்கத்துக்காரர்கள் தங்கள் தண்ணீர் சுத்தம் என்று பெருமை பேசுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ராவின் சதுப்புக் காடுகளிலிருந்து வரும் பழுப்பு நீர் சிங்கப்பூர் நீரிணை வரை வருகிறது என்பது அவர்களுக்கும் அணியத்தைப் பார்த்தால் தெரியும்.

இந்த மீசையைப் பாசி என்று நினைத்து பிளீச் ஊற்றுகிறவர்கள் நிறைய. உண்மையான பாசி என்றால் பிளீச்சுக்கு வெளுக்கும். ஆனால் இதில் டேனினைப் பிடித்து வைத்திருப்பது இரும்பு. அந்தக் காலத்தில் எழுதும் மையே இரும்பையும் டேனினையும் கலந்துதான் செய்தார்கள், அவ்வளவு அழுத்தமான கூட்டு அது. பிளீச் இரும்பைக் கரைக்காது, துருக் கறையை இன்னும் கெட்டிப்படுத்தவும் செய்யும். இதற்கு வேண்டியது ஆக்ஸாலிக் ஆசிட். அது இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் உப்பாக மாறி, கழுவும்போது கூடவே போய்விடும். மரத்தை வெளுக்கிற பொடி என்று ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஃபைபர் கறை நீக்கி என்று படகுக் கடைகளில் விற்கிற ஜெல் டப்பாக்கள் பலவற்றிலும் இருப்பது இதே சரக்குதான், விலைதான் வேறே.

நான் பொடியாகவே வாங்கிக்கொள்வேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி. அப்படியே அடித்தால் செங்குத்தான ஹல்லில் நிற்காமல் வழிந்துவிடும். அதனால் மைதா மாவைத் தனியாகக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, அதில் இந்தக் கரைசலைக் கலந்துவிடுவேன். சுவரொட்டி ஒட்டுகிற பசை பதத்துக்கு வரவேண்டும். அதற்கு முன் ஹல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய மெழுகு இருந்தால் எடுத்துவிட வேண்டும். மெழுகுக்கு மேலே ஆசிட் பூசினால் அது மெழுகின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கறைக்குக் கீழே உள்ள பகுதியை நன்றாக நனைத்துவிட்டு, பெயிண்ட் பிரஷால் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுத்து நிற்கும்.

பூசியதும் ஒன்றும் நடக்காது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கூழின் ஓரத்தில் பழுப்பு இளகி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். இன்னும் சற்றுப் பொறுத்தால் விரலால் கூழை விலக்கிப் பார்க்கும் இடத்தில் வெள்ளை தெரியும். தேய்க்கவே வேண்டாம், அதுதான் இதன் அழகு. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் விடாதீர்கள். நம் வெயிலில் அது காய்ந்து உப்புப் பூத்துவிட்டால் கழுவுவது பெரிய வேலையாகிவிடும். நிறையத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கடைசி வாளியில் ஒரு கைப்பிடி சமையல் சோடா போட்டுக் கழுவினால் மிச்சமிருக்கிற புளிப்பும் போய்விடும். விடாப்பிடியான கறை என்றால் இன்னொரு முறை பூசலாம். ஆனால் அடிப்பாகத்துச் செம்பு கலந்த பெயிண்ட், துத்தநாகம் பூசிய டிரெய்லர் இரண்டின் மேலும் அதைச் சொட்ட விடக்கூடாது.

சாங்கியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய படகுக்கு இதைச் செய்தபோது அவர் பக்கத்திலேயே நின்று, "ஏன் தம்பி, ஆசிட்டு ஊத்துனா படகு ஓட்டையாயிடாதா?" என்றார். "ஜெல்கோட்டை இது தொடாது சார். உங்க கண்ணைத்தான் தொடும், தள்ளி நில்லுங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். உடம்புக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, பொடியைக் கையாளும்போது முகக்கவசம், மூன்றும் கட்டாயம். பார்ப்பதற்குச் சீனி மாதிரியே இருக்கும். மீந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைக்கிற நம்மாட்கள் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம்.

அதே ஆசிரியர் வீட்டு அக்கா, "புளி போட்டுத் தேய்ச்சா போகாதா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. புளியில் இருப்பதும் ஆசிட்தான், பித்தளை விளக்கு பளிச்சென்று ஆவது அதனால்தான். புதிதாக விழுந்த சின்னத் துருப் புள்ளிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும், நானே செய்திருக்கிறேன். இருபதடி ஹல்லுக்கு எலுமிச்சை வாங்கினால் தேக்கா சந்தையைத்தான் காலி செய்ய வேண்டும். புளியோ, அதன் கறையை எடுக்கத் தனியாக ஒரு வேலை.

அடுத்தது துரு. என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். இரும்புக் கப்பலில் துரு எங்கே வேண்டுமானாலும் கிளம்பும், தட்டி எடுத்துப் பெயிண்ட் அடிப்பதுதான் வேலை. ஃபைபர் துருப்பிடிக்காது. ஆகவே ஃபைபர் ஹல்லில் துருக் கறை இருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் கறையை மட்டும் எடுக்கிறவன் அதே வேலைக்கு மறுபடி காசு வாங்கத் திட்டம் போடுகிறான் என்று அர்த்தம்.

கோடாக வழிகிற துருவும் உண்டு, புள்ளி புள்ளியாக இறைந்த துருவும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கோடு என்றால் கண்ணை மேலே கொண்டு போங்கள். அது தொடங்குகிற இடத்தில் ஏதாவது ஒரு எவர்சில்வர் பொருள் இருக்கும்: கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டு, கயிறு கட்டும் கிளீட், ஒரு ஸ்க்ரூ. "எவர்சில்வர்தானே, அது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்பார்கள். பிடிக்கும். 316 ரகத்தில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். மலிவான 304ல் அது இல்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் நல்ல ரகம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 304, 316 இரண்டுமே காந்தத்துக்கு அவ்வளவாக ஒட்டாது. 316 ஆகவே இருந்தாலும், தண்ணீர் புகாமல் தட்டுக்கு அடியில் போட்ட சீலன்ட் பசை காய்ந்து வெடித்து, அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் கதை முடிந்தது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்ஸைடு படலம். காற்று போகாத இடுக்கில் அது உடைந்தால் மறுபடி உருவாகாது.

அப்படிக் கழற்றிய ஒரு ஸ்க்ரூவை என் பெட்டியில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்ட. தலை பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும். மரையும் நன்றாக இருக்கும். தலைக்குக் கீழே, சரியாகத் தளமும் தட்டும் சேர்கிற இடத்தில், பென்சில் முனை அளவுக்கு மெலிந்து கரும்பழுப்பாகக் குழி விழுந்திருக்கும். அலை அடிக்கிற நேரத்தில் ஒரு ஆள் முழு எடையோடு பிடித்துத் தொங்குகிற கம்பி அது. வெளியே தெரிந்ததோ ஹல்லில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடுதான்.

இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை, 2,113 மில்லிமீட்டர். அவ்வளவு தண்ணீரும் தளத்தில் விழுந்து அந்த இடுக்கைக் கடந்துதான் இறங்குகிறது. துருக் கோட்டை ஆக்ஸாலிக் கூழால் கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம். பிறகு தட்டைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, ஓட்டையின் வாயைக் கொஞ்சம் சரிவாகக் குடைந்து, பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் நாடாவை வைத்து இறுக்கிவிட்டால் கோடு திரும்ப வராது. ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரமாக, மக்கிய தூளோடு வந்தால் தளத்துக்குள் இருக்கும் பால்ஸா மரமோ பலகையோ ஊறிப்போயிருக்கிறது. அதை அப்படியே மூடி இறுக்காதீர்கள், உலர்த்தி அடைக்க வேண்டும்.

புள்ளித் துரு வேறே மாதிரி. பக்கத்துப் படகில் யாரோ இரும்பை கிரைண்டரால் அறுத்திருப்பார்கள். பறந்த பொறி ஜெல்கோட்டில் ஒட்டிக்கொண்டு, முதல் மழைக்கே கடுகு இறைத்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளியாகும். பட்டறைகள் நெருக்கமாக இருக்கிற பகுதிகளில் இது சாதாரணம். கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், கண்ணுக்குச் சில புள்ளிதான் தெரியும். இதற்குக் கார்க்காரர்கள் சக்கரத்துக்குப் போடுகிற இரும்பு நீக்கி ஸ்பிரே நன்றாக வேலை செய்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், முடி சுருட்டுகிற சலூனில் அடிப்பதும் இதே நாற்றம்தான். அடித்த ஓரிரு நிமிஷத்தில் ஒவ்வொரு இரும்புத் துகளைச் சுற்றியும் ஊதா நிறம் கசிந்து கீழே வழியும். வெறும் வெள்ளை என்று நினைத்த இடத்திலிருந்து நூறு ஊதாக் கோடு இறங்கும்போது சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்! கழுவிவிட்டால் முடிந்தது. இதை மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் துகளே பேடில் மாட்டிக்கொண்டு ஹல் முழுக்க வட்ட வட்டமாகக் கீறும்.

பின்பக்கம் டீசல் புகைக் கரி. விசிறி மாதிரி பரவி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும். ஆசிட் இதை எதுவும் செய்யாது. பிசுக்கு நீக்கும் காரத்தன்மையுள்ள கிளீனர், மெல்லிய ஸ்பான்ஜ், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். கரி வழக்கத்தைவிட அதிகமாகப் படிகிறது என்றால் முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள். நம் தண்ணீர் வருஷம் முழுக்கச் சூடாகவே இருப்பதால் கொட்டலசு என்கிற, அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி வளர்வதற்கு ஓய்வு நாளே கிடையாது. ஓடாமல் கட்டிக் கிடக்கும் படகின் புரொப்பெல்லர் சில வாரத்தில் முள்ளுமுள்ளாகிவிடும். அதைச் சுழற்ற எஞ்சின் திணறும், தேவைக்கு மேல் டீசல் குடிக்கும், எரியாத மிச்சம் கறுப்புப் புகையாக வந்து பின்பக்கத்தில் படியும். பின்சுவரை மாதாமாதம் துடைத்துக்கொண்டே இருந்த ஒருவருக்கு, முங்கு ஆளைக் கூப்பிட்டு அடியைச் சுரண்டச் சொன்னேன். கரியும் குறைந்தது, டீசல் செலவும் குறைந்தது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே புகைதான் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கொட்டலசைச் சுரண்டினாலும் அதன் அடித்தட்டு வெள்ளை வளையமாக ஜெல்கோட்டில் நிற்கும். அது சுண்ணாம்பு. உலோகச் சுரண்டியால் அதைப் பெயர்க்கப் பார்க்காதீர்கள், வளையத்துக்குப் பதில் பள்ளம்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் சுரண்டியால் முடிந்ததை எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியை வைத்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குமிழி குமிழியாக நுரைத்து இளகியிருக்கும். கழிப்பறை ஆசிட் இன்னும் வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பக்கத்தில் இருக்கிற எவர்சில்வரில் குழி போடும், துரு நீக்கப் போய்த் துருவை விதைத்த கதையாகிவிடும். அதைவிட முக்கியம்: முந்தின நாள் பிளீச் அடித்த இடத்தில், அல்லது பிளீச் இருந்த வாளியில், எந்த ஆசிட்டையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். படகின் உள்ளறை மாதிரி காற்றோட்டமில்லாத இடத்தில் அது ஆளையே சாய்த்துவிடும்.

ஜோகூர் நீரிணைப் பக்கம் கொட்டலசு மட்டும் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சின்னக் கருஞ்சிப்பி 2016ல் சிங்கப்பூர்க் கடலில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இப்போது மிதவை, கயிறு, மீன் பண்ணை வலை என்று ஒன்றையும் விடுவதில்லை. கயிறுபோல் நூல் விட்டு ஒட்டுவதால் சுரண்டுவது எளிது, நூலின் அடிப்புள்ளிகள்தான் பழுப்பாக நிற்கும். அதற்கும் ஈரத் துணியும் பொறுமையும்தான்.

இப்போது மெஷினை எடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். கறுப்புத் துணி ஒன்றை எடுத்து உலர்ந்த ஹல்லில் அழுத்தித் தேயுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டினால் ஜெல்கோட் வெயிலில் வெந்து பொடிந்திருக்கிறது. இது கறையே இல்லை, எந்த மருந்துக்கும் கேட்காது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் மதிய நேரத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே அதிசயமில்லை. அடர் நீலம், கறுப்பு ஹல் வைத்திருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம், வெள்ளையில் மறைந்துபோகும் வெளுப்பு அதில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். நீல ஹல் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள்.

பொடிந்த மேல்தோலைச் சீவித்தான் ஆகவேண்டும். அப்போதும் மென்மையானதில் தொடங்குங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் பாலிஷ் போட்டுப் பாருங்கள், அதிலேயே பளபளப்பு வந்தால் கம்பவுண்ட் வேண்டாம். கம்பவுண்டுக்கும் வரவில்லை என்றால்தான் 1000, அப்புறம் 1500 நம்பர் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். காலையில் சீக்கிரம் ஆரம்பித்து, ஹல் கைக்குச் சுட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். சூடான பரப்பில் கம்பவுண்ட் உடனே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். வேகத்தைக் குறைத்து, இரண்டடிக்கு இரண்டடியாக, பேடைத் தட்டையாக வைத்துச் செய்யுங்கள். முனைகளிலும் மடிப்புகளிலும் மெஷினை நிறுத்தவே கூடாது, அங்கேதான் பூச்சு முதலில் தேய்ந்து போகும். அந்த இடங்களை டேப் ஒட்டி மூடிவிட்டுக் கையால் தேய்ப்பேன்.

அதோடு விடாதீர்கள். தேய்த்ததும் ஆசிட் வைத்ததும் ஜெல்கோட்டின் நுண்துளைகள் திறந்து கிடக்கும், அடுத்த கறை இன்னும் சுகமாக உள்ளே இறங்கும். அன்றைக்கே மெழுகு. டப்பாவில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போட்டிருப்பார்கள், அது குளிர் நாட்டுக் கணக்கு. இங்கே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால்தான் நிற்கும். முழுப் படகுக்கும் நேரமில்லை என்றால் அணியத்துக்கும் நீர்க்கோட்டுக்கும் பின்சுவருக்கும் மட்டுமாவது போடுங்கள். மெழுகு இருக்கிற ஹல்லில் மீசையைப் பாதி நாள் சோப்பே எடுத்துவிடும்.

சில்லறைக் கறைகள்: படகு இடிபடாமல் பக்கத்தில் தொங்கவிடும் ஃபென்டர் உரசிய கறுப்பு, நீலத் தடங்களுக்கு அசிட்டோனைத் துணியில் நனைத்து ஒரு தடவை துடைத்தால் போதும், ஊற வைக்காதீர்கள். மைனா, காக்கை எச்சத்தைக் காய்வதற்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டினால் கீறல்தான். கரையில் டிரெய்லரில் ஏற்றிவைத்த படகு என்றால் நாட்டு வாதுமை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். அந்தச் சிவந்த இலை மழையில் ஊறினால் இலையின் வடிவத்திலேயே தளத்தில் பழுப்பு அச்சு விழும், நிழலுக்கு ஆசைப்பட்டதுதான் மிச்சம்.

2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பலொன்று எண்ணெய் நிரப்பும் கப்பலில் மோதி சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது நினைவிருக்கும். செந்தோசா, லாப்ரடார், தென் தீவுகள், ஈஸ்ட் கோஸ்ட் என்று கரை ஒதுங்கியது. அந்த வாரங்களில் தெற்குப் பக்கத்திலிருந்து வந்த அழைப்பெல்லாம் நீர்க்கோட்டில் ஒட்டிய கறுப்புப் பட்டைக்காகத்தான். அவசரப்பட்டவர்கள் படகு தண்ணீரில் இருக்கும்போதே பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார்கள். எண்ணெய் ஹல்லை விட்டுத் தண்ணீரில் கரைந்து பக்கத்துப் படகுக்குப் போனது, சண்டையும் கூடவே போனது. அந்த மாதிரிக் கனமான எண்ணெயை முதலில் உறிஞ்சும் பேடால் ஒத்தி எடுக்க வேண்டும். பிறகு சாதாரணச் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் அது இளகும், வழித்து எடுங்கள். கடைசியில்தான் பிசுக்கு நீக்கி, அதுவும் படகைக் கரையேற்றி, அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்க வசதி உள்ள இடத்தில். அழுக்கான துணிகளையும் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, மரினாவில் அதற்கென்று கேட்டுக் கொடுங்கள்.

கறை மாதிரி இருந்து கறையாக இல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. படகைக் கரையேற்றியதும் நீர்க்கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளம், அதிலிருந்து பழுப்பாக ஒரு ஒழுகல். துடைத்தால் போகும், மறுநாள் அதே புள்ளியில் ஒழுகும். முகர்ந்து பார்த்தால் வினிகர் வாசனை. ஜெல்கோட்டுக்குள் தண்ணீர் ஊடுருவி ரெசினோடு கலந்து புளித்த திரவம் அது. உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். குத்திப் பார்க்கிற ஆசை வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைத் தள்ளி வையுங்கள், பீச்சி அடிக்கும். இதற்கு ஆசிட், மெஷின், மெழுகு எதையும் வைக்காதீர்கள். கொப்புளங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, தேதி எழுதி, படம் எடுத்துவிட்டு, ஈரப்பத மீட்டர் வைத்திருக்கிற, படகைப் பரிசோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை படகு கரையிலேயே காயட்டும்.